கப்பல் பட்டியலையும் கொஞ்சம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் பழைய பத்திரிகைத் துணுக்குகளை முதலில் படித்துவிட்டுத்தான் மற்றப் பக்கங்களுக்குப் போகிறேன். பத்திர எழுத்தராக இருந்து ஓய்வெடுத்தவன், மஞ்சளாகிப்போன காகிதத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. அந்த உரிமையில் ஒரு குறையைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நீங்கள் எடுத்துப் போடுவதெல்லாம் துரைமார் கதையாகவே இருக்கிறது. ஒரு துரை புலி சுட்டார், ஒரு துரைசாணி காணாமல்போன நாய்க்கு விளம்பரம் கொடுத்தார், விருந்தில் குடித்துவிட்டு ஒருத்தர் இன்னொருத்தரைத் துப்பாக்கிச் சண்டைக்குக் கூப்பிட்டார், சமையற்காரர் அரைகுறை இங்கிலீஷில் பதில் சொன்னார். நானும் சிரித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதையே வாராவாரம் படிக்கிற என் பேரன், வெள்ளைக்காரர் காலத்தில் இந்த நாட்டில் வெள்ளைக்காரர்கள்தான் வாழ்ந்தார்கள், நம்மாட்கள் பங்கா இழுத்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அந்தப் பத்திரிகைகளில் நம் காவிரிக்கரை இல்லாமல் இல்லை. வேடிக்கை தேடுகிறவர் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். கப்பல் வரவு, ரயில் நேரம், கோர்ட் செய்தி, கலெக்டர் அறிவிப்பு, மருந்து விளம்பரம் என்று யாரும் படிக்காமல் தாண்டிப்போகிற பக்கங்கள் இருக்கின்றன பாருங்கள், என்னைக் கேட்டால் விநோதமெல்லாம் அங்கேதான் கொட்டிக் கிடக்கிறது.

நாகப்பட்டினத்துக் கப்பல் செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகிற கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்கள் படகில் போய் ஏற வேண்டும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் வந்த இங்கிலீஷ் பத்திரிகைகள் எந்தக் கப்பலில் யார் வந்தார், யார் போனார் என்று பட்டியல் போடும். கேபின் பயணி என்றால் மிஸ்டர், மிஸஸ், கேப்டன் என்று பட்டத்தோடு முழுப் பெயர் இருக்கும். துரைசாணியோடு கைக்குழந்தை வந்தால் குழந்தை என்று போடுவார்கள், அதைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்ணுக்கு ஆயா என்பதோடு சரி, பெயர் கிடையாது. அப்புறம் கடைசியில் டெக் பயணிகள் என்று ஒரு வரி வரும். மேல்தட்டில் வெயிலிலும் உப்புக்காற்றிலும் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு வரியில் ஒரு எண்ணாக முடிந்துவிடுவார்கள்.

அந்த எண்ணுக்குள் இருப்பவர்கள் நம் ஊர்க்காரர்கள். கங்காணி வந்து முன்பணம் கொடுத்து ரப்பர் தோட்டத்துக்கு அழைத்துப்போன ஆட்கள், பண்ணையில் பரம்பரைக் கடனில் மாட்டிக்கொண்டிருந்து ராவோடு ராவாக நாகப்பட்டினத்துக்கு நடந்துவந்த குடும்பங்கள். இதில் வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்படி ஆள் போய்க்கொண்டே இருந்தால் நடவுக்கும் அறுப்புக்கும் யார் வருவார் என்று சர்க்காருக்குப் புகார் எழுதியவர்கள் நம் தஞ்சாவூர் மிராசுதார்கள்தான். வேலி வேலியாக நிலம் வைத்திருந்தவர்கள் எழுதினார்கள், பண்ணையாட்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று மட்டும் எழுத மாட்டார்கள். 1938ல் இந்திய சர்க்கார் மலாயாவுக்குக் கூலியாட்கள் போவதை நிறுத்திவைக்கிற வரைக்கும் இந்தப் போக்குவரத்து நடந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்னால் 1935ல் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' பத்திரிகையைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி யார் என்று நினைக்கிறீர்கள், நம் திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளை. டெக் பயணி என்று ஒரு வரியில் போனவர்களுக்காகவும் அவர்கள் பிள்ளைகளுக்காகவும் ஒரு பத்திரிகை வந்தது நம் பக்கத்து ஆள் கையால். இதைவிடப் புலி சுட்ட கதை பெரிதா, சொல்லுங்கள்.

இதைப் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை. சிங்கப்பூர் தேசிய நூலகம் தன்னிடம் உள்ள பழைய பத்திரிகைகளை இணையத்தில் ஏற்றிவைத்திருக்கிறது, இலவசமாகப் பார்க்கலாம். ஒன்று மட்டும் கவனம், நாகப்பட்டினம் என்று இப்போது எழுதுகிற மாதிரி இங்கிலீஷில் தட்டினால் பாதிச் செய்தி வராது. நெகப்பட்டாம் (Negapatam) என்று அந்தக் கால எழுத்துக்கூட்டில் தட்ட வேண்டும். தஞ்சாவூர் என்றால் டாஞ்சூர் (Tanjore), தரங்கம்பாடி என்றால் டிராங்கிபார் (Tranquebar).

தரங்கம்பாடி என்றதும் ஒன்று. அந்த ஊரை 1845ல் டென்மார்க்குக்காரர்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார்கள். வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்து விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். கோட்டை, கடற்கரை, தெரு, தெருவில் இருந்த ஜனம் எல்லாம் அதில் அடக்கம். நான் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரங்களில் ஒரு மா நிலத்துக்கு நாலு எல்லை சொல்லி, வில்லங்கம் இல்லை என்று உறுதி கூறி, விற்பவர் வாரிசுகளையெல்லாம் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குவோம். இங்கே ஒரு ஊரையே விற்றிருக்கிறார்கள், ஊரில் குடியிருந்த ஒருத்தரையும் கேட்கவில்லை.

சரி, பத்திரிகைக் கதைக்கே வருகிறேன். சென்னையில் முதல் பத்திரிகையான 'மெட்ராஸ் கூரியர்' 1785ல் வந்தது. அதிலிருந்து ரொம்ப காலத்துக்கு வெள்ளைக்காரர் எழுதி வெள்ளைக்காரர் படித்த பத்திரிகைகளுக்குத்தான் செல்வாக்கு. அந்த நிலைமை மாறிய கதையில் நம் ஜில்லா முழுக்க முழுக்க இருக்கிறது, அதை நீங்கள் ஒரு தடவைகூடப் போட்டதாக ஞாபகம் இல்லை. 1878ல் திருவாரூர் முத்துசாமி ஐயரைச் சென்னை ஐகோர்ட் ஜட்ஜாகப் போட்டார்கள். ஐகோர்ட் ஜட்ஜ் நாற்காலியில் சென்னையில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவர். தஞ்சாவூர் ஜில்லாவில் உச்சுவாடி என்ற சின்ன ஊரில் பிறந்து, அப்பாவை இழந்து, சின்ன வயசிலேயே கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். (தெருவிளக்கில் படித்தார் என்றும் சொல்வார்கள். தெருவிளக்கில் படிக்காத பெரிய மனிதர் ஒருத்தர் நம்மிடம் உண்டா, அதை விடுங்கள்.) இவரை ஜட்ஜாகப் போட்டதும் சென்னையில் வெள்ளைக்காரர் நடத்திய பத்திரிகைகள் எகிறின. நேட்டிவ் ஒருத்தருக்கு இந்தப் பதவியா, கொடுத்தாலும் வெள்ளைக்கார ஜட்ஜுக்குக் கொடுக்கிற சம்பளத்தைக் கொடுக்கலாமா என்கிற தோரணையில் எழுதினார்கள்.

இதற்குப் பதில் சொல்ல நமக்கென்று ஒரு பத்திரிகை இல்லையே என்று கிளம்பிய ஆறு இளைஞர்கள்தான் அந்த வருஷம் செப்டம்பர் 20ந் தேதி 'தி இந்து'வைத் தொடங்கினார்கள். முதல் இதழ் 80 பிரதி, கையில் இருந்த காசு ஒன்றேமுக்கால் ரூபாய், அதுவும் கடன் வாங்கியது. வாரம் ஒரு முறைதான் வந்தது. அந்த ஆறு பேரில் முன்னால் நின்ற ஜி. சுப்பிரமணிய ஐயர் திருவையாற்றுக்காரர். நான்கு வருஷம் கழித்து 1882ல் அவரே 'சுதேசமித்திர'னைத் தமிழில் தொடங்கினார், 1899ல் அது நாளிதழ் ஆயிற்று, பிறகு பாரதி அங்கே வேலைக்குச் சேர்ந்தது எல்லாருக்கும் தெரியும். ஆக, வம்புக்குக் காரணமானவர் திருவாரூர், வம்புக்குப் பதில் எழுதியவர் திருவையாறு. அந்தத் திருவையாற்றுக்காரர் பத்திரிகையில் மட்டும் சீர்திருத்தம் எழுதிவிட்டு வீட்டில் பழைய வழக்கத்தில் இருந்துவிடவில்லை. விதவையான தன் சொந்த மகளுக்கு 1889ல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். சொந்தக்காரர்கள் ஒதுக்கிவைத்தார்கள். இந்தச் செய்தியைப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே அந்தக் காலத்து வரன் விளம்பரம் ஒன்றைப் போடுங்கள், வாசகர் தானாகப் புரிந்துகொள்வார்.

கோர்ட் செய்தியில் என் தொழில் புத்தி போகும், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் மராட்டிய ராஜா இரண்டாம் சிவாஜி 1855ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கம்பெனி ராஜ்யத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, அரண்மனைக்குள் இருந்த சொந்தச் சொத்துக்கும் முத்திரை வைத்துவிட்டது. ராணி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை, சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தார். கம்பெனி லண்டனுக்கு அப்பீல் போயிற்று. 1859ல் அங்கே கடைசி அப்பீல் கேட்கிற பிரிவி கவுன்சில், இது ராஜ்ய நடவடிக்கை, கோர்ட் இதில் தலையிட முடியாது என்று சொல்லித் தீர்ப்பைத் திருப்பிவிட்டது. இந்த வழக்கைச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் படிக்கிறார்கள், தஞ்சாவூர் மேல வீதியில் நின்று கேட்டால் பத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

ரயில் விஷயத்தில் உங்களுக்கு நல்ல தீனி இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861ல் ரயில் ஓடியது, மறு வருஷம் திருச்சிக்குப் போயிற்று. அப்போது போட்டது அகலப்பாதை. பிறகு செலவைக் குறைக்கிறோம் என்று 1875ல் அதைப் பிடுங்கி மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். நூற்று முப்பது வருஷம் போல நாம் அந்தக் குறுகின பாதையில் போய்வந்த பிறகு மறுபடி பிடுங்கி அகலமாக்கினார்கள், அதற்காக ரயிலை வருஷக்கணக்கில் நிறுத்திவைத்து நாம் பட்ட பாடு உங்கள் பத்திரிகையிலேயே வந்திருக்கிறது. முதலில் போட்டதை அப்படியே விட்டிருந்தால்! இன்னொன்று, மாயவரத்திலிருந்து (இப்போது மயிலாடுதுறை) முத்துப்பேட்டைக்கு 1894ல் வந்த பாதை ரயில் கம்பெனி போட்டது இல்லை, தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்டது. நிலவரியோடு கூடுதலாக ஒரு தீர்வை வசூலித்து, அந்தக் காசில் சொந்தமாக ரயில் பாதை வைத்துக்கொண்ட ஜில்லா போர்டு அது. இன்றைக்கு ஒரு பஸ் ஸ்டாண்டு கட்டுவதற்கு எத்தனை வருஷம் ஆகிறது என்று நினைத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. நாகப்பட்டினத்து ரயில் பட்டறையைப் பொன்மலைக்குக் கொண்டுபோனதும், ஆட்குறைப்பு என்றதும், 1928ல் பெரிய வேலைநிறுத்தம் வந்ததும் தனிக்கதை. அப்போது தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் ஜெயிலுக்குப் போனார்.

ஒரே மாதத்துப் பத்திரிகையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு முழுப் பக்கம் போடலாம் என்றால் நான் 1930 ஏப்ரலைத்தான் சொல்வேன். அந்த மாதம் 1ந் தேதி சாரதா சட்டம் அமலுக்கு வந்தது. பெண்ணுக்குப் பதினாலு, பையனுக்குப் பதினெட்டு வயசு ஆகாமல் கல்யாணம் செய்தால் அபராதம், ஜெயில். சட்டம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அதற்கு முந்தின மாதங்களில் நாடு முழுக்க அவசர அவசரமாகக் கல்யாணங்கள் நடந்தன. மடியில் தூக்கி வைத்துத் தாலி கட்டின கல்யாணமெல்லாம் உண்டு. தேதி தாண்டியவர்களுக்கும் வழி இல்லாமல் போகவில்லை. காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர் ஊர், அங்கே பிரிட்டிஷ் சட்டம் செல்லாது. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ரயிலே இருந்தது, பந்தலை அந்தப் பக்கம் போட்டால் முடிந்தது. சாஸ்திரத்தைக் காப்பாற்ற வெள்ளைக்காரனிடமிருந்து இன்னொரு வெள்ளைக்காரன் நிழலுக்கு ஓடியிருக்கிறோம்.

அதே ஏப்ரல் 13ந் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை கிளம்பினார். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் முன்கூட்டியே ஒரு அறிவிப்பு விட்டார். யாத்திரைக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் வரை ஜெயில், அபராதம். பத்திரிகையில் போட்டார், துண்டு நோட்டீஸ் அடித்தார், ஊர் ஊராகத் தண்டோராவும் போட்டார். எனக்கென்னவோ, இப்படி ஒருத்தர் வருகிறார் என்று தெரியாதிருந்த கிராமத்துக்கும் தெரியப்படுத்தியது அந்தத் தண்டோராதான். சோறு போட்டால்தானே குற்றம், மரத்தில் சாப்பாட்டு மூட்டை தொங்கினால் யார் மேல் கேஸ் போடுவது? சாலை ஓரத்து மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் மறைவெல்லாம் வேண்டாம் என்று நேராகவே வீட்டில் இலை போட்டார், ஜெயிலுக்கும் போனார். வேதாரண்யத்தில் சவரம் செய்துகொண்டிருந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்த வைரப்பனை நம் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது, அங்கே நினைவுத்தூணே இருக்கிறது. இந்த ஜில்லாவில் சர்க்கார் மேல் இருந்த விசுவாசம் செத்துப்போயிற்று என்கிற அர்த்தத்தில் கடைசியில் அந்தத் தார்ன் துரையே மேலிடத்துக்கு எழுதினார். 27ந் தேதி பத்திரிகைகளுக்கே வாய்ப்பூட்டாக ஒரு அவசரச் சட்டம் வந்தது, ஜாமீன் கட்டு இல்லாவிட்டால் அச்சகத்தை மூடு என்று. 30ந் தேதி ராஜாஜி கைது. ஒரே மாதத்துக்குள் இத்தனை.

விளம்பரங்களை விட்டுவிடாதீர்கள். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரின் சஞ்சீவி மருந்துகள் பர்மா, இலங்கை வரைக்கும் விற்றன. அந்த மருந்து விற்ற காசில்தான் 1912லிருந்து தன் செலவில் சங்கீத மாநாடுகள் நடத்தினார், 1917ல் 'கருணாமிர்த சாகரம்' என்கிற அந்தப் பெரிய இசை நூலை வெளியிட்டார். மாத்திரை விளம்பரத்தைத் தாண்டிப்போகிறவருக்கு அது தெரியாது. விலையெல்லாம் ரூபாய், அணா, பை என்று மூன்று கட்டமாகப் போட்டிருக்கும்.

இனி ஒரு வருத்தமான விஷயம். கும்பகோணம், தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று நம் ஊர்களிலேயே அச்சடித்து வந்த சின்னச் சின்னத் தமிழ்ப் பத்திரிகைகள் பல இருந்தன. அவற்றில் நிறைய பத்திரிகைகளுக்கு ஒரு இதழ்கூடத் தப்பவில்லை. ஆனால் அவற்றில் என்ன வந்தது என்பது கொஞ்சம் தப்பியிருக்கிறது, எப்படி என்றால் சர்க்கார் வேவு பார்த்ததால். சென்னையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை உட்கார வைத்து, நேட்டிவ் பத்திரிகைகளில் யார் என்ன எழுதுகிறார் என்று சுருக்கமாக இங்கிலீஷில் எழுதச் சொல்லி, ரகசிய அறிக்கையாக அதிகாரிகளுக்குச் சுற்றுக்கு விட்டார்கள். தாசில்தார் லஞ்சம் வாங்கினார், வாய்க்கால் தூர் வாரவில்லை, ரயிலில் மூன்றாம் வகுப்புக்காரர்களை ஆடு மாடு மாதிரி அடைக்கிறார்கள் என்று நம் தாத்தாக்கள் எழுதின புகார்கள் அந்த ரகசிய அறிக்கை வழியாகத்தான் நம் கைக்கு வருகின்றன. தமிழில் எழுதியது இங்கிலீஷில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி டெல்டா சம்பந்தப்பட்டதை மட்டும் திரும்பத் தமிழாக்கிப் போட்டால் வாரம் தவறாமல் விஷயம் கிடைக்கும். தரமணியில் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கிறது.

நம் பக்கத்தில் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. ஒரு நூலகத்தில் பைண்டு செய்து வைத்திருந்த பழைய பத்திரிகைக் கட்டுகளை இடம் இல்லை என்று எடைக்குப் போட்டதை நானே பார்த்தேன். பொட்டலம் மடிக்கக்கூட ஆகாது, அவ்வளவு நொறுங்கிப்போன காகிதம், கடைக்காரரே முகம் சுளித்தார். வீட்டுப் பரணில் தாத்தா காலத்துச் 'சுதேசமித்திரன்' கட்டு வைத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு கைபேசியில் படம் எடுத்தாவது வையுங்கள் என்று உங்கள் பத்தியின் கீழே இரண்டு வரி சேர்த்தால் என்ன?

அப்புறம் முக்கியமாக, துணுக்குப் போடும்போது எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி என்று கீழே போடுங்கள். அந்தக் காலத்தில் நடந்தது என்று மொட்டையாகப் போட்டால் நம்புவதற்கில்லை. வாட்ஸ்அப்பில் பழைய காகித நிறத்தில் யாராவது எதையாவது தயாரித்து அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள், என் வீட்டுக் குழுவிலேயே வாரத்துக்கு ஒன்று வருகிறது. தேதி இருந்தால் எடுத்துச் சரிபார்த்துவிடலாம்.

தமிழ் வருஷப் பெயரும் பசலி என்கிற நிலவரிக் கணக்கு வருஷமும் போட்ட இதழ் கிடைத்துத் தேதி விளங்காவிட்டால் எனக்குப் படம் அனுப்புங்கள். பசலியோடு 590 கூட்டிக்கொண்டால் இங்கிலீஷ் வருஷம் வந்துவிடும், பசலி ஜூலையில் தொடங்குகிறது என்பதால் ஜனவரிக்கு மேல் என்றால் இன்னும் ஒன்று கூட்ட வேண்டும். தும்பிக்கை போட்ட பழைய ணை, லை எழுத்துகளும் எனக்குப் பழக்கம்தான். கூலி வேண்டாம், ஞாயிறு இணைப்பில் ஒரு பிரதி கூடுதலாக அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர்,
மன்னார்குடி.